கடைசி பாக்கெட் சூப்

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் மாப்பிள்ளை அந்தக் காலி உறையைத் திருப்பிப் பார்த்தார். தொப்பி போட்ட சமையல்காரர் ஒருவர் அதிலிருந்து வாய் நிறையச் சிரித்தார். மாப்பிள்ளைக்கு இரண்டு நாளாக இருந்த காய்ச்சல் அந்த நொடியே விட்டுப்போயிற்று.

அது மாமனாரின் பாக்கெட்!

மாமனார் சூப் பொடித் தொழிற்சாலையில் லாரி ஓட்டியவர். தொழிற்சாலையை மூடிய அன்று மெஷினிலிருந்து கடைசியாக விழுந்த பாக்கெட்டைக் கையோடு எடுத்துவந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கூடத்தில் மாட்டியிருந்தார். மகளின் கல்யாணப் போட்டோ அதற்குக் கீழேதான் இருந்தது.

மாப்பிள்ளை மனைவிக்கு போன் போட்டார்.

"சூப் பாக்கெட் வாங்கி வெச்சிருக்கேன்னு சொன்னியே, எங்க வெச்சே?"

"அலமாரியிலங்க. ஏன், கிடைக்கலையா? மேஜையில இருக்கறதத் தொட்டுடாதீங்க. அப்பா பெட்டியத் துடைக்கறதுக்காக எடுத்து வெச்சிருக்காரு."

"சேச்சே, நான் ஏன் தொடப்போறேன்" என்று போனை வைத்தார்.

நாலு வருஷமாக மகளிடம் 'உன் வீட்டுக்காரர்' என்றே சொல்லிவந்த மனுஷர், போன வாரம்தான் முதன்முதலாக நேரே முகத்தைப் பார்த்து 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டிருந்தார். அந்த வார்த்தைக்கு ஆயுசு ஒரு வாரம்தானா என்று நினைத்தபோது இவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் சூப் வாயில் வைக்க விளங்கவில்லை. ஒரு பட்டாணி கிடையாது, ஒரு காரட் துண்டு கிடையாது. உப்பையும் மிளகையும் அள்ளிப் போட்டுத்தான் விழுங்கியிருந்தார்.

சாயங்காலம் மாமனாரின் பழைய தொழிற்சாலை நண்பர்கள் வேறு வருகிறார்கள். அலமாரியிலிருந்த பாக்கெட் சின்னது; உறையில் பாதிகூட நிரம்பாது. மாப்பிள்ளை டப்பாவிலிருந்த ரஸ்குகளை மிக்ஸியில் பொடித்து உறைக்குள் கொட்டினார். கனம் சரியாக வந்தது. வாயை மடித்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தார். உறை ஒட்டிக்கொண்டது. கூடவே சமையல்காரரின் ஒரு கண்ணும் இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது.

கடைக்குப் போயிருந்த மாமனார் திரும்பிவந்து மேஜையிலிருந்த பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒத்தைக் கண்ணால பார்க்குறான்?"

"ஜன்னல் வெயில் பட்டிருக்கும் மாமா."

மாமனார் அந்தக் கண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "உறையே இப்படின்னா உள்ள என்ன கதியோ. இனி வெச்சிருந்து என்ன பண்றது? இன்னைக்கு எல்லாரும் வராங்க. கொதிக்க வெச்சு ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிடலாம்."

"ஐயோ, வேண்டாம் மாமா! பழைய சாமான், வயித்துக்கு ஆகாது."

"காய்ஞ்ச பொருளுக்கு வயசு ஏது மாப்பிள்ளை? எங்க கம்பெனிப் பெருமையே அதுதானே!"

ஒரே பேச்சில் இன்னொரு 'மாப்பிள்ளை'. இவருக்கு மனசு தாங்கவில்லை.

"அப்ப நானே செய்யறேன் மாமா. நீங்க உட்காருங்க."

ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார். காளான், தக்காளி, சோளம் என்று இருந்த சூப்பிலெல்லாம் ஒவ்வொரு பாக்கெட் வாங்கினார். எது மாமனாரின் சூப் மாதிரி இருக்கும் என்று தெரியாததால் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினார். ரஸ்க் பாக்கெட் கால்சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நின்றது.

வேலை முடிந்து வந்த மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல எதுங்க அப்பாவோடது?"

"எதுவுமில்லை."

அவள் அவரையும் மூன்று உறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உறைகளைக் குப்பைக் கூடைக்குள் அமுக்கி மூடினாள். "பேசாம கிளறுங்க. அடி பிடிக்குது."

கூடத்தில் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன், கணக்குப்பிள்ளை, வயது வித்தியாசமில்லாமல் எல்லாராலும் 'பேக்கிங் அக்கா' என்று அழைக்கப்பட்ட ஒரு அம்மாள். அந்த அம்மாள்தான் ஏனோ முகம் வெளுத்துப்போய், "இப்பவே திறக்கணுமா? இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாமனார் முதல் வாய் குடித்தார். கண்ணை மூடினார். மாப்பிள்ளை கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அதே ருசி" என்றார் மாமனார். "அச்சு அசல் அதே ருசி!"

"வெங்காயம் காயப்போடற அன்னைக்கு இப்படித்தான் தெருவே மணக்கும்" என்றார் வாட்ச்மேன்.

"துவைச்ச சட்டையெல்லாம் வெங்காய வாடை அடிக்கும். என் பெண்டாட்டி தினம் திட்டுவா" என்று கணக்குப்பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார். "குளிர் காலத்துல உலர்த்தற அறையை விட்டு ஒருத்தனும் வெளிய வர மாட்டான். ஏதாவது கணக்கு கேட்கற சாக்குல நானும் அங்கேயே கிடப்பேன்."

"எந்த ஊருக்கு லாரியக் கொண்டுபோனாலும் பசங்க பின்னாலேயே ஓடி வருவாங்க" என்றார் மாமனார். சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார். "இத்தனை வருஷத்துச் சாமானை இப்படிப் பக்குவமா இறக்கியிருக்காரு. எல்லாம் எங்க மாப்பிள்ளை கைராசி!"

கூடத்தில் ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்த மாப்பிள்ளை, தோளிலிருந்த கையின் கனத்தை உணர்ந்து அந்த எண்ணத்தை விட்டார். அவருக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு பேக்கிங் அக்கா சமையலறைக்கு வந்தார். இப்போது அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. கதவை லேசாகச் சாத்தினார்.

"எந்தக் கடையில வாங்கினீங்க தம்பி?"

"எ... எதைங்க?"

"சூப்பைத்தான்" என்றார் அக்கா மெதுவாக. "மெஷினுக்குள்ள தண்ணி படக் கூடாதுன்னு, வேலை முடிஞ்சதும் வேற ஒரு காய்ஞ்ச பொடியைத்தான் உள்ள ஓட்டிச் சுத்தம் பண்ணுவோம். உங்க மாமனார் கண் கலங்கி எடுத்துட்டுப் போனாரே, அந்தக் கடைசி பாக்கெட்டுல இருந்தது வெறும் ரஸ்க் தூள்."