பியூலாவின் கால் நகம்

ஜூஜுவாடி,
19-8-68

அன்பு மகள் கிருபாராணிக்கு, அப்பா தேவமணி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். வேலூரில் நீயும் சுகமாயிருந்து நர்ஸ் பரீட்சைக்கு நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நீ வேதத்தில் பார்த்துப் பெயர் வைத்து வளர்த்த முயல் பியூலாவும் இப்போது சுகம். முதலிலேயே சொல்லிவிட்டேன், பதறாமல் படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது சாக்கைப் பிறாண்டும்போது நகம் மாட்டிப் பிய்ந்து ஒரே ரத்தம். லாரி ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷமாக முதலுதவிப் பெட்டிச் சாவி என்னிடம்தானே இருக்கிறது, எத்தனை மெக்கானிக் விரலுக்குக் கட்டுப் போட்டவன், ஒரு முயலுக்குப் போடமாட்டேனா என்று காதைப் பிடித்துத் தூக்கி டிஞ்சரைத் தடவினேன். அது விட்ட உதையில் டிஞ்சர் என் வேட்டியில், முயல் அரிசிப் பானைக்குப் பின்னால், உன் அம்மா கட்டில்மேல். மறுபடி பிடித்துவந்து, காலில் ஆரம்பித்த கட்டை இடுப்பு வரைக்கும் சுற்றிவிட்டேன். அது அசையாமல் கிடந்தது. கட்டு நன்றாக அமைந்துவிட்டது என்று நான் நினைக்க, "கொன்னுட்டீங்களே!" என்று அம்மா அலற, முயல் வளர்த்து அத்திப்பள்ளிச் சந்தையில் விற்கும் லால் பாஷா அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்தார். "என்னண்ணே இது, லாரி டயரா? காதப் புடிச்சா தூக்குவாங்க? ஒதறுச்சுன்னா முதுகெலும்பே போயிரும். துண்டுல சுத்திக் கண்ண மறைங்க, அடங்கிரும். நகத்துல மஞ்சத்தூள வெச்சு அமுக்கிப் புடிங்க" என்றார். கட்டை அவிழ்த்து அப்படியே செய்தோம். ஐந்து நிமிஷத்தில் ரத்தம் நின்றது. என் பன்னிரண்டு வருஷப் பெருமையும் அதோடு போயிற்று.

ஆனால் சனிக்கிழமை அது புல்லைத் தொடவேயில்லை. "முயலு ஒரு நாள் திங்காம கெடந்தா ஆபத்துண்ணே" என்று லால் பாஷா சொல்லிவிட்டார். நீ என்னை நம்பி விட்டுப்போன உயிர் அல்லவா, ராத்திரி முழுக்க அது கிடந்த கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ‘எங்கள் வீட்டு பியூலாவுக்குக் காலில் காயம், ஆகாரம் எடுக்கவில்லை’ என்று ஜெபக்குறிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முயல் என்று எழுதவில்லை, எழுதினால் வாசிக்கமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் போதகரும் பத்துப் பேரும் ரொட்டி, சாத்துக்குடியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "பாப்பா எங்க படுத்திருக்கு?" என்று அற்புதமேரி அக்கா கேட்க, நான் கூடையைக் காட்டினேன். எல்லோரும் போதகரைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர்தான், "சரி, இதுவும் அவர் படைச்சதுதானே, முழங்கால் போடுங்க" என்றார். நான் கண்ணை மூடினமாதிரி காட்டிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த அக்காவின் பைக்குள் தலையை விட்டு, பியூலா கொத்தமல்லிக் கட்டைத் தின்றுகொண்டிருந்தது! ஆமென் சொல்வதற்குள் பாதிக் கட்டு காலி. நான் அழுதுவிட்டேன், கிருபா. ஜெபத்தில் உருகிவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆகையால் பயமில்லை. வியாழக்கிழமை பரீட்சையை வைத்துக்கொண்டு இங்கே ஓடி வராதே. நீ தொடும் நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்க ஆண்டவர் அருள்வாராக.

உன் அப்பா,
தேவமணி

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானமே ஓசூர் போய், ‘பியூலா கவலைக்கிடம், உடனே புறப்படு’ என்று உனக்குத் தந்தி அடித்ததை அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். திட்டிக்கொண்டே உனக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். இந்தக் கடிதம் வேலூர் சேரும்போது நீ இங்கே இருப்பாய். பியூலா யாரென்று வார்டனிடம் சொல்லி லீவு வாங்கினாயோ தெரியவில்லை. வந்தது வந்தாய், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ அம்மா. உன்னைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.