எதிரொலி கேட்ட மானும் என் சட்டை வாலும்

மிச்சிகன் வடக்கு,
மான் பருவம், ஞாயிறு மாலை.

அன்புள்ள உர்ஹோ மாமாவுக்கு,

அந்த மானை நீங்கள் சுடவில்லை. இங்கு அம்மாவும் நானும் நலம். லெம்பி அத்தையின் இடுப்பு வலி தேவலையா?

சுடாத மானை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். என் சிவப்புக் கம்பளிச் சட்டையின் வாலோ, குறி தவறியவன் சட்டையின் பின்தொங்கலை வெட்டும் நம் வேட்டை வழக்கப்படி, மற்றவர்களின் வால்களோடு வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சுட்டோம், எதிரொலிகூட வந்துச்சு, ஒரு மான் விழுந்துச்சு. உங்க புதுத் துப்பாக்கியப் பாத்ததும், குடிசையில தீர்ப்புச் சொல்ற லெஸ்டர் கிழவர் "இவ்ளோ வேகமான குண்டு தப்புமாடா?"ன்னு கத்திரிக்கோல எடுத்துட்டார். நீங்க பின்னாலேர்ந்து, "நல்லா மேல ஏத்தி வெட்டு லெஸ்டர், பையனுக்குக் காத்து வரட்டும்"னீங்க.

அந்த வேகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் லேசான குண்டு நொடிக்கு மூவாயிரம் அடிக்கு மேல் பாய்கிறது. மலைச்சரிவில் தொலைவில் நிற்கும் மானுக்கு அது சரி. போய்ச் சேர்வதற்குள் வேகம் தணிந்து அளவாக விரியும். நம் சேற்றுக்காட்டில் மரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது மானா மாமாவா என்றே தெரியாது. அவ்வளவு கிட்டத்தில் அது பட்டிருந்தால் சிதறித் தோள்கறியை ஜாம் ஆக்கியிருக்கும். நான் பார்த்தேனே, ஒரே ஓட்டை, சுற்றிலும் சுத்தமான கறி! மெதுவான, கனத்த குண்டு காளான்போல நிதானமாக விரிந்த அடையாளம் அது. என் பழைய துப்பாக்கியின் வேலை.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேலை போன ஊரில் வேகத்தை விற்க மட்டும் ஆள் வருகிறான். நீங்களும் வாங்குறீங்க! எங்களுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த மான்தான் கறி. கடையில் மாட்டிறைச்சியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருகிறோம்.

குண்டு மறுபக்கத் தோலுக்கடியில் இருக்கும். முழுசாக இருந்தால் மானைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீங்கள் அன்று போட்டிருந்த புதுப் பச்சைச் சட்டையோடு லெஸ்டர் முன்னால் நில்லுங்கள்.

உங்கள் வீட்டு சானா நீராவிக் குளியலறையின் கற்கள் ஆறாமல் இருக்கட்டும். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் அக்கா மகன்,
ஆர்விட்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா தேவாலயத்திலிருந்து வந்தாள். மானை உரித்தபோது கிடைத்ததென்று அத்தை கொடுத்த குண்டை மேசையில் வைத்தாள். முழுசாக, காளான்போல! நான் குதித்தேன்.

"குதிக்காத. அடிப்பக்கத்த உன் துப்பாக்கிக் குழல்ல நுழைச்சுப் பாரு."

நுழையவில்லை. என்னுடையதைவிடப் பருமன். அவ்வளவு பருமனான குண்டு அம்மாவின் துப்பாக்கிக்குத்தான்.

"அப்போ அந்த எதிரொலி?"

"சேத்துக்காட்டுல ஏதுடா எதிரொலி? ஓடைக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா உரிக்கிறது, வெட்டுறது, பொட்டலம் கட்டுறது எல்லாம் என் தலையில. இப்போ என் தம்பி முடிச்சிருப்பான்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நாம் இருவருமே தவறவிட்டோம். லெஸ்டரின் கத்திரிக்கோல் இப்போது அம்மாவிடம். பொட்டலங்களோடும் அந்தப் புதுப் பச்சைச் சட்டையோடும் என்றைக்கு வருகிறீர்கள் மாமா?