நாலாம் டிவிசனுக்கு வந்த சிவப்பு

ஹட்டன் டவுனில் நிறத்துக்காக மல்லுக்கட்டியதில் கலர் அண்ணனை மிஞ்ச ஆளே கிடையாது. சொந்தப் பேர் என்னவோ, அது அவருக்கே மறந்திருக்கும்.

மருந்துக் கடை மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அண்ணனும் நானும் புரோகிராம் எழுதுகிறவர்கள். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாசம். வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. தேயிலைத் தோட்டத்தில் டிவிசன் வாரியாகப் பறித்த கொழுந்தின் நிறை எங்கள் சர்வருக்கு வரும். அங்கே லைப்ரரி என்கிற ரெடிமேட் புரோகிராம் ஒன்று அதைத் தானாகவே சார்ட்டாக வரைந்து அனுப்பிவிடும்.

"தங்கச்சி, ஒவ்வொரு கோட்டுக்கும் கலர் நம்பர எழுதிப் போடுங்க. நாம சொல்லாட்டி லைப்ரரி அது இஷ்டத்துக்குப் பூசிரும்" என்று நாளைக்கு நாலு தரம் சொல்வார். அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் கொழுந்து கொண்டுவந்து, ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பச்சை சரியா என்று பார்ப்பார். ஹார்ட்வெயார் கடைக்கார நானாவிடம் பெயிண்ட் கார்டை இரவல் கேட்பார்.

"பெயிண்ட் எப்ப தம்பி வாங்குவீங்க?"

"வீடு கட்டினதும் நானா!"

எனக்கு இதெல்லாம் கிறுக்காகப் பட்டது. என் முதல் சார்ட்டில் கலருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. லைப்ரரி நீலம், ஆரஞ்சு, பச்சை என்று பூசிக்கொண்டே போய், நாலாம் டிவிசனுக்குச் சிவப்பைத் தீட்டிவிட்டது. தோட்டத்தில் அதைக் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒட்டினார்கள். அய்யோ! சிவப்பென்றால் பெயில் என்று கங்காணி முடிவு கட்டிவிட்டார். "இன்னைக்கும் செவப்பா?" என்று தினமும் ஏச்சு. நாலாம் டிவிசன் அக்காமார் விழுந்து விழுந்து பறித்தார்கள். கோடு உச்சிக்கே ஏறியது, அதே சிவப்பாக!

ஒரு வாரம் கழித்து அந்த அக்காமாரில் நாலு பேர் அந்தத் தாளோடு படியேறி வந்துவிட்டார்கள். "கொழுந்துல நாங்கதாங்க மொதல்ல நிக்கிறோம். எங்களுக்கு மட்டும் ஏங்க செவப்பு?"

முதலாளிக்கு முகம் கறுத்துப்போனது. "யாரு போட்ட கலர் இது? போட்ட ஆளு இன்னையோட வீட்டுக்குப் போகலாம்!"

நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நான்தாங்க போட்டேன். எனக்குச் செவப்பு புடிக்கும்" என்றார் கலர் அண்ணன். அந்த அக்காமாரிடம் கைகூப்பி மன்னிப்பும் கேட்டார்.

பையோடு படியிறங்கியவரின் பின்னால் ஓடினேன். "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"இனிமேலாச்சும் நாலாவது கலர எழுதிப் போடுங்க, தங்கச்சி."

இப்போது அவருக்குக் கொழும்பில் எங்கேயோ வேலை என்று கேள்வி. அன்றைக்கு நான் வாயைத் திறக்காதது இன்னும் உறுத்துகிறது. இதை வாசித்தால் ஒரு டெலிபோன் கோல் எடுங்கண்ணே, என்னை ஏசுறதுக்காவது.