பாலத்தில் ஜாம்

"பாலத்துல ஜாம் லா, குகா. அரை மணியில வந்துடுறேன்." ராஜசேகரன் போனை வைத்துவிட்டார்.

குகநாதன் கைப்பேசியையே வெறித்தார். தம்போய் மண்டபத்தில் அவருடைய முதல் கவிதை நூலின் வெளியீடு. ஆய்வுரைக்குச் சிங்கப்பூரிலிருந்து எல்லைப் பாலத்தைக் கடந்து கவிஞர் ராஜசேகரன் வந்தாக வேண்டும். தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்த காலமெல்லாம் குகநாதன் எந்தக் கவிஞரையும் அரை நிமிடத்துக்கு மேல் பேசவிட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கே கவிதை வந்துவிட்டது. அது கவிதைதான் என்று ராஜசேகரன் வாயால் கேட்டால்தான் தூக்கம் வரும்.

"வரலைன்னா விடுங்களேன். சாப்பாட்டைப் போட்டுடலாம்," என்றார் மனைவி யோகம்.

"நிகழ்ச்சின்னா இழுக்கத் தெரியணும்," என்ற குகநாதன், வரவேற்பு நடனம் ஆடி முடித்த பெண்ணை மறுபடியும் ஆடச் சொன்னார். பாதியில் அவளுக்குக் கால் பிசகியது. அவளைத் தூக்கிக்கொண்டு பெற்றோரும் உறவினரும் கிளம்ப, முன்வரிசை காலியானது.

குகநாதன் மறுபடியும் ராஜசேகரனுக்குப் போன் போட்டார். "இன்னும் ஜாம்தான்."

அறிவிப்பாளராக வந்திருந்த லோஷினியைக் குகநாதன் ஓரமாக அழைத்தார். "நீயே புத்தகத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிடும்மா."

"நான் படிக்கலையே, சார்."

"டிவியில யாரு படிச்சிட்டுப் பேசுறாங்க? கடைசிப் பக்கத்தைப் பார்த்து எதையாவது சொல்லு."

லோஷினி கடைசிப் பக்கத்தைத் திறந்து உருகி உருகி வாசித்தாள். அச்சிட்டவருக்கு நன்றி. அட்டை வரைந்தவருக்கு நன்றி. அனைத்தையும் பொறுத்துக்கொண்ட மனைவிக்கு நன்றி. அன்று அதிகக் கைதட்டல் வாங்கிய கவிதை அதுதான்.

குகநாதன் மைக்கைப் பிடுங்கித் தாமே வாசிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து வறுத்த மீஹூன் சேமியாவின் வாசம் வந்தது. யோகம் பாத்திரங்களைத் திறந்துவிட்டிருந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. கடைசிக் கவிதையைச் சுவர்கள்தான் கேட்டன.

கூட்டம் கலைந்ததும், விற்காத புத்தகப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் வெளியே வந்தார். கார் நிறுத்துமிடத்தில் ஜாகா மூர்த்தி காவலுக்கு நின்றிருந்தார்.

"சிங்கப்பூர் காரு ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"முதல்ல வந்ததே அதுதான், சார். உங்க வீட்டம்மாதான் கார்க்கண்ணாடி ஓரமா நின்னு, 'உள்ள வந்து உண்மையைச் சொல்லிடாதீங்க'ன்னு அவரைக் கெஞ்சிக்கிட்டு இருந்தாங்க."