ரிமோட் லாரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்பது கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும். அங்கே நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் வாயைத் திறந்தால் உங்கள் மாமியார் எதிரே நின்று, மாப்பிள்ளை மனசு நோகும் என்று கையைக் காட்டுகிறார். உடனே நான் "வண்டி பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். நாலு தடவை அப்படித்தான் ஆயிற்று. அந்த நாலு பிரமாதத்தையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

முதலில் நிறைகளைச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். சரியானதற்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் தப்பைச் சுழிப்பேன். நீங்கள் ஆசையாக அனுப்பிய ரிமோட் லாரி பொம்மை அல்ல என்பதைப் பெட்டியைத் தூக்கியபோதே என் இடுப்பு சொல்லிவிட்டது. பொம்மைக் கடை வண்டி கெட்டால் குப்பைக்குப் போகும். இதில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றலாம், எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் வாங்கி மாட்டலாம். கியர் உலோகம். தண்ணீர் பட்டாலும் மோட்டார் நிற்காது. நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர். நான் பள்ளிக்குப் போய்வந்த பஸ்ஸுக்குக்கூட அது கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூறு தாராளமாகப் போடலாம். மீதிப் பத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைக்கக்கூடாதாம், வீங்கிவிடுமாம். சுத்தமாக இறக்கியும் வைக்கக்கூடாதாம், செத்துவிடுமாம். ஓட்டாத நாளில் பாதி வயிற்றோடு வைத்திருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்காத பைக்குள் போட்டுப் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மாமியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படி ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்தீங்களா?" என்று கேட்டார். நான் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இதற்குப் பதில் போடவில்லை. அப்புறம் வேகம். மணிக்கு எழுபது கிலோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்ததை நான் விளம்பரம் என்று நினைத்தேன். உதாரணமாகச் சொல்கிறேன், ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் அது ஒரு வகுப்பறையைத் தாண்டிவிடும். என் வயதில் சிமிட்டல் கொஞ்சம் நிதானமாகவே நடக்கிறது, எனக்கு ஒன்றரை வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு லேத்துக்காரரை உங்களுக்குத் தெரியும்; நாற்பது வருடம் பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர், உங்கள் கல்யாணத்தில் பந்தல் கால் கோணல் என்று சொல்லி நிமிர்த்தி வைத்தவர். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள மைதானத்தை நாங்கள் இருவரும் ஐந்து சுற்று நடப்போம். எனக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். முதல் நாள் வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவரையே அழைத்துப்போனேன். அவர் மைதானத்தின் அந்தக் கோடியில், வலது ஓரமாக நின்றுகொண்டு, வண்டி வந்தால் திருப்பி விடுகிறேன் என்றார்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று "வலது கையைத் தூக்கு" என்று சொல்லிக்கொடுப்பவர் தன் இடது கையைத்தான் தூக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிற பிள்ளைக்குச் சரியாக இருக்கும். அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வண்டி என்னைப் பார்த்து வரும்போது என் கை தானாக மாற்றித் திருப்புகிறது, அருமையாக வருகிறது. மற்றவர்கள் தடுமாறும் இடத்தில் நான் மன்னன். ஆனால் வண்டி முதுகைக் காட்டிப் போகும்போதும் என் கை மாற்றியே திருப்புகிறது. நண்பரை விட்டு விலக்கி இடப்பக்கம் ஒடித்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி நேரே அவரைப் பார்த்துப் போயிற்று. பதறிப்போய் ரிமோட்டை அணைத்துவிட்டேன். அணைத்தால் நிற்கும் என்றுதானே எவனும் நினைப்பான்? அது கடைசியாக வாங்கிய கட்டளையை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடியது. ரிமோட் செத்தால் வண்டி தானே நிற்கும்படி முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டுமாம். அது புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம். நான் ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று பாடம் பிரித்து, உங்கள் மாமியாரைக் கேள்வி கேட்கச் சொல்லி, ஒழுங்காகப் படித்து வந்தவன். அன்று காலையில்தான் பத்தாம் பாடம் முடிந்து நாற்பதாம் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தேன்.

வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்தது. நண்பருக்குக் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவர் வீட்டுக்குப் போய், ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தவர் எதிரே தலையைக் குனிந்து நின்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சார், பதினோரு வருஷமா உங்களோட நடந்த காலு இது. அந்த வண்டி அங்க இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். உங்களோட நடக்கவும் மாட்டேன்."

சொன்ன சொல்லை நூலிழை பிசகாமல் காப்பவர். ஒரு வாரத்தில் நடக்க வந்துவிட்டார், ஆனால் எதிர்த்திசையில். எதிர்த்திசையில் நடப்பதில் உள்ள சங்கடம் என்னவென்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முகத்துக்கு முகம் வருகிறோம். ஐந்து சுற்றுக்குப் பத்து தடவை அவர் வானத்தைப் பார்க்கிறார், நான் செருப்பைப் பார்க்கிறேன். மன்னிப்புக் கடிதம் எழுதி உங்கள் மாமியாரிடம் கொடுத்தனுப்பினேன். படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்லுங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டியை ஏன் தொட்டீர்கள் என்று கேட்பீர்கள். தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தாமல் மூடி வைக்க எனக்குத் தெரியாது. புதுக் கை வரவழைத்து மாட்டினேன். அதற்கு ஸ்க்ரூ திருக நாலு அளவு ஆலன் கீ, ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு நாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மனப்பாடம் செய்து, அமைத்தும் வைத்தேன். மதியத்தில் மைதானத்தில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்துப் பத்து நாள் பழகினேன். போகும்போது தப்பு, வரும்போது சரி. உயரமான வண்டி, வேகத்தில் திருப்பினால் கவிழ்கிறது. கவிழ்ந்தால் தானாக எழாது, மல்லாந்த வண்டு மாதிரி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கிடக்கும், நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் புரட்டிப்போட வேண்டும். மேல்மூடியைப் பிடிக்கும் ஊசிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் புல்லில் தொலைந்தன. இப்போது உங்கள் மாமியாரின் கொண்டை ஊசிகள் அந்த வேலையைப் பார்க்கின்றன, அது அவருக்கு நேற்றுத்தான் தெரியவந்தது. நேற்றே அந்தப் பிளாஸ்டிக் கை மறுபடியும் முறிந்தது. கியரை உலோகத்தில் செய்தவனுக்கு, முதல் அடி வாங்குகிற கையைப் பிளாஸ்டிக்கில் செய்ய எப்படி மனம் வந்தது? இதைவிட மட்டமான யோசனையை நான் மூன்றாம் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மனம் கோணாமல் எனக்காக ஒன்று செய்யுங்கள். பார்சல் எடுக்கிற ஆளை உடனே அனுப்பி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி போய்விட்டது என்று ஒரு வார்த்தை என் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் அன்பை நான் திருப்பி அனுப்பவில்லை. அதன் சக்கரங்களை மட்டும்தான் அனுப்புகிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நெடுநாள் வாழ வேண்டும் என்று மாமியாரும் நானும் மனதார வாழ்த்துகிறோம். என் மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும் மாமனார்

பி.கு.: பார்சல் ஆள் வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. லேத்துக்காரர், படிக்கு வெளியே நின்றார். "பத்து நாளா பின்பக்கப் பால்கனியில உட்கார்ந்து பாக்கறேன். அந்த வண்டி படற பாட்டை என்னால பாக்க முடியல சார். ரிமோட்டைக் குடுங்க" என்றார். வண்டியின் கை முறிந்து கிடக்கிறது என்று காட்டினேன், பிளாஸ்டிக்கில் செய்தவனைத் திட்டவும் செய்தேன். அவர் முறிந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உடையணும்னுதான் வச்சிருக்கான். இது இரும்பா இருந்தா அடி முழுக்க உள்ள போய் அடியில இருக்கிற சேஸிஸ் சட்டமே பிளந்திருக்கும். என் காலும் பிளந்திருக்கும். நல்லா யோசிச்சிருக்கான் சார், இவன் வேலை தெரிஞ்சவன்" என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆலன் கீ கேட்டார். படி ஏறியதை அவர் கவனிக்கவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை, உங்கள் மாமியார் மட்டும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, நாலு பக்கம் எழுதியாயிற்று. நீங்கள் இந்தப் பின்குறிப்பை மட்டும் படித்தால் போதும். பிளாஸ்டிக் கை நாலு ஜோடி அனுப்புங்கள். நண்பர் என்னைவிட வேகமாக ஓட்டுவார் என்று தோன்றுகிறது. ஒருவேளை பார்சல் ஆளை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவர் வரும்போது வீடு பூட்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.