மாமோ வம்சத்தின் யாழ்ப்பாணக் கிளை

எனக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. அது என்னுடையதல்ல. என் தகப்பனுடையதும் அல்ல. மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு சின்னத் தீவு உண்டு. அங்கே படகுக்கு வர்ணம் பூசிப் பிழைத்த ஒரு மனிதரின் சட்டையிலிருந்து அது என்மேல் ஒட்டிக்கொண்டது. சட்டை கிழிந்து எத்தனையோ காலம். பெயர் கிழியவில்லை.

போன மாதம் என் மகள் சுகந்தி கைபேசியில் ஒரு இணையப் பக்கத்தைக் காட்டினாள். ஒரு குடும்பப் பெயரைக் கொடுத்தால், அது எங்கே பிறந்தது, எங்கெங்கே பரவியது என்று உலகப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டுமாம். ‘மாமோ’ என்று கொடுத்தாள். மால்டாவின் தெற்குக் கரையில் எறும்பு மொய்த்த மாதிரிப் புள்ளிகள். ஆஸ்திரேலியாவில் சில. வடக்கே, வெகுதூரத்தில், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் தனியாக ஒரு புள்ளி. ‘மால்டாவிலிருந்து குடிபெயர்ந்த மாலுமிக் குடும்பமாக இருக்கலாம்’ என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் புள்ளி நாங்கள்தான். மாலுமி என்பது மட்டும் பாதி உண்மை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி பவளம் திருத்துவாள்.) ஊரில் இராணுவம் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கிய காலத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவளை விட்டுவிட்டுக் கிரேக்கக் கப்பல் ஒன்றில் ஏறினேன். மால்டாத் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிட்டு முதலாளி காணாமல் போனார். தண்ணீரும் தீர்ந்த பிறகு கரையேறி வேலை தேடினேன். ஒரு கிராமத்தில் படகுப் பட்டறை வைத்திருந்தவர் தன் நெஞ்சைத் தொட்டு, “மாமோ” என்றார். மால்டாக்காரரும் நம்மைப் போல வயதான ஆண்களை ‘மாமா’ என்றுதான் சொல்வார்கள்போல என்று எனக்குப் பெரிய நிம்மதி. நானும் அவரை வாய்நிறைய மாமா என்று கூப்பிட்டேன். அவரும் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய குடும்பப் பெயர் என்பது எனக்கும், நான் அவரை உறவு சொல்லி அழைக்கிறேன் என்பது அவருக்கும் கடைசிவரை தெரியாது.

நான் புறப்பட்ட அன்று அவர் தன் வேலைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். தடித்த நீலத் துணி. மார்பில் சிவப்பு நூலால் ஆங்கிலத்தில் அவர் பெயர், நான்கே எழுத்து.

அந்தச் சட்டையோடு கிழக்கு ஜெர்மனிவரை ஒரு சரக்குக் கப்பலிலும், பிறகு டென்மார்க்கின் கெசர் துறைமுகத்துக்குப் பயணிகள் படகிலும் வந்து இறங்கினேன். பொலிஸ்காரர் ஆங்கிலத்தில் குடும்பத்தின் பெயர் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் படகுக்குப் பெயர் வைப்போம், நாய்க்கு வைப்போம். குடும்பத்துக்கு யார் வைப்பது? நான் முழித்தேன். அவர் களைத்துப்போய் என் மார்பைச் சுட்டி, “மாமோ?” என்றார்.

தமிழர் நிறையப் பேர் வந்து இறங்கியதால் இவரும் நாலு சொல் பழகிவிட்டார், சட்டை தந்த மாமாவைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஓம், ஓம். மாமோ. வெரி குட் மேன்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். தர்மலிங்கம் மாமோ. மஞ்சள் நிற மருத்துவ அட்டையிலும் அதுவே அச்சாகி வந்தது.

அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். ஹேர்னிங்கில் ஒரு பின்னல் உடுப்புத் தொழிற்சாலையில் இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. பவளத்தையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். அவர்கள் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில், ஒரே அறையில் வேறு இரண்டு குடும்பங்களோடு இருந்தார்கள். இரவில் பொலிஸார் சோதனைக்கு வருவார்கள். ஒருமுறை பவளத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடுத்த நாள் விட்டார்கள். பக்கத்து அறைப் பெண்ணைக் கொண்டுபோனவர்கள் திருப்பி விடவேயில்லை. இதையெல்லாம் அவள் மழை பெய்தது என்பதுபோலத் தொலைபேசியில் சொல்வாள். கடைசியில் மட்டும், “எப்ப கூப்பிடுவியள்?” என்று கேட்பாள்.

அதற்கு டென்மார்க்கில் எந்தத் தமிழனிடமும் பதில் இல்லை. தமிழரின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பங்கள் எல்லாம் அப்படியே படுத்துக் கிடந்தன. மறுப்பும் வராது, அனுமதியும் வராது. மேலிடத்து உத்தரவு என்று பிற்பாடுதான் நாடே அறிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் தபால்பெட்டி.

அந்த நேரத்தில் எனக்கு மட்டும் கோபன்ஹேகனுக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. மனைவியின் பத்திரத்தில் கணவன் பெயர் கந்தையா தர்மலிங்கம் என்று இருக்கிறது, நீங்கள் மாமோ, விளக்கம் தேவை என்று. என்னோடு அறையில் இருந்த தவம் அண்ணை கடிதத்தைப் பிடுங்கி இரண்டு தரம் பார்த்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் மட்டக்களப்பில் இருந்தார்கள்.

“டேய், உனக்குக் கேள்வி வந்திருக்கடா! எங்களுக்கு ஒரு கேள்விகூட இல்லை. பேரைப் பாத்து உன்னைப் பறங்கி எண்டு நினைச்சிட்டாங்கள்.” (ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த இலங்கையரைப் பறங்கியர் என்போம். என் நிறத்தைப் பார்த்தால் பறங்கியர் வழக்குப் போடுவார்கள்.)

“பொய் சொல்லச் சொல்லுறியளோ அண்ணை?”

“ஆர் சொன்னது பொய் சொல்லெண்டு? இலங்கை எண்டு சொல்லு, அது உண்மைதானே. தமிழ் எண்ட சொல்லை மட்டும் வாயில எடுக்காத. எடுத்தியோ, உன்ர பைலும் எங்கட பைலுகளோட போய்ப் படுத்திடும்.”

பெயரின் வரலாற்றைக் கேட்டால் என்ன சொல்வது? தபால் கந்தோரில் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினோம். கோபன்ஹேகனுக்கு வெளியே, டோஸ்ட்ருப்பில், இன்னொரு மாமோ இருந்தார்.

கார்மனு மாமோ ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர். டேனிஷ் மனைவி இறந்து தனியாக இருந்தார். நான் வாசலில் நின்று மஞ்சள் அட்டையை நீட்டியதும், படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். நான் யாரென்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சமையலறைச் சுவரில் பெரிய உலகப் படம். எங்கும் சிவப்பு ஊசிகள். நாற்பது வருடம் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் தொலைபேசிப் புத்தகத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்த மனிதர்.

“அபூர்வமான பெயர். இங்கேதான் ஊற்று” என்று மால்டாவின் தெற்கில் விரலை வைத்தார். நாங்கள் பேசியது கப்பல் இங்கிலீஷ். “சிசிலியிலிருந்து வந்தோம் என்கிறார் பள்ளிக்கூட வாத்தியார். அரபுப் பெயர் என்கிறார் பாதிரியார். நோவாவின் பேழையில் சமையல்காரனாக வந்தோம் என்றார் என் அப்பா. துனிஸில் ஒரு வீடு, அலெக்சாந்திரியாவில் ஒரு தையல்காரர், மெல்பேர்னில் ஒரு தெருவே. எத்தியோப்பியாவிலும் மாமோக்கள் உண்டு, ஆனால் அது அவர்கள் பிள்ளைக்கு வைக்கிற பெயர். நம் ஆட்கள் இல்லை.”

‘நம்’ என்றபோது என் தோளைத் தட்டினார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுப்பில் எனக்காக முயல் வெந்துகொண்டிருந்தது. பசி. அவருடைய கண் வேறு கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒரு புது ஊசி எடுத்து யாழ்ப்பாணத்தைத் தேடினார். படத்தில் அவ்வளவு சின்ன இடம் எழுதியிருக்கவில்லை. குத்துமதிப்பாகக் குத்தினார். கடலுக்குள் போனது.

நேர்முகத்துக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக வருவதாகச் சொல்லிவிட்டார். கோட் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி வந்தார். நான் நீலச் சட்டையில். அதிகாரி நரைத்த தலையோடு, அமைதியான பெண். கதவைத் திறந்து “ஹேர் மாமோ” (திரு. மாமோ) என்றார். இரண்டு பேரும் எழுந்தோம். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

கார்மனு டேனிஷில் ஆரம்பித்தார். சிசிலி, துனிஸ், அலெக்சாந்திரியா. கடைசியில் என்னைக் காட்டி, மாமோ மாலுமி ஒருவன் சிலோனில் கரையேறிய கதையோடு முடித்தார். அதிகாரி பாதி எழுதி, பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். கார்மனு என் பக்கம் திரும்பினார்.

“நான் உனக்கு என்ன உறவு என்று கேட்கிறார்.”

‘தூரத்துச் சொந்தம்’ என்று சொல்லும்படி ரயிலில் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் அவரை நான் முதல் நாளிலிருந்து கூப்பிட்டது ஒரே சொல். வாய் அதையே சொன்னது.

“மாமா.”

“அது பெயர். உறவு என்ன?” என்றார் கார்மனு.

“மாமாதான் உறவு” என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். “மாமா என்றால் அம்மாவின் சகோதரன்.”

கார்மனு ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. ஆனாலும் நேர்மையாக மொழிபெயர்த்தார்.

“அப்படியென்றால் மாமோ உங்கள் அம்மா வீட்டுப் பெயர். அப்பா பெயர்?” என்றார் அதிகாரி.

“கந்தையா.”

“அவர் மாமோ இல்லை?”

“அவர் கந்தையா, மேடம்.”

பேனா அசையவில்லை. இங்கேதான் என் எட்டாம் வகுப்பு மூளை விழித்து, என்னைக் காப்பாற்றப் புறப்பட்டது. கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். “சொந்த அம்மாவின் சகோதரன் இல்லை, மேடம். பெரிய மனிதர் எல்லாரும் மாமா. பஸ் டிரைவர் மாமா. போஸ்ட்மேன் மாமா. சட்டை தந்தவரும் மாமா. தமிழில் அப்படித்தான்.”

கார்மனு மொழிபெயர்க்க வாய் திறந்தார். தேவைப்படவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு டென்மார்க்கில் அப்போது மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

“தமில்?” என்றார் அதிகாரி.

பேனாவை மூடினார். என் பைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்த அலுமாரிக்குப் போய்க் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இடமில்லாமல் கோப்புகள் நெருங்கி நின்றன. என்னுடையதைச் சொருகிவிட்டு, இழுப்பறை மூடாததால் முழங்காலால் தள்ளினார். கெட்ட பெண் இல்லை. கை கொடுத்துத்தான் அனுப்பினார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“எவ்வளவு காலம் எடுக்கும்?” என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். அது உண்மை.

படிக்கட்டில் கார்மனு உட்கார்ந்துவிட்டார்.

“உன் அம்மா மாமோ இல்லை. அப்பாவும் மாமோ இல்லை. பிறகு யாரப்பா மாமோ?”

நான் சட்டையைத் தொட்டுக் காட்டினேன். பட்டறையைப் பற்றிச் சொன்னேன்: நீலக் கதவு, ஒற்றைக்கண் நாய், வர்ணம் குழைத்துக்கொண்டே சண்டை பிடிக்கும் கிழவர். கார்மனு என்னை வெறித்துப் பார்த்தார்.

“அவனா? என் பெரியப்பா மகன். எனக்கு ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லாத கஞ்சன். அவனா உனக்குச் சட்டை கொடுத்தான்?”

“ஓம்.”

என் மார்பிலிருந்த சிவப்பு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “ஊசி அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

ஹேர்னிங்குக்குத் திரும்பினால், தவம் அண்ணை வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பவளத்துக்கு எடுத்தேன்.

“நான் தமிழ் எண்டு சொல்லிப்போட்டன்” என்றேன்.

லைன் இரைச்சலுக்கு நடுவே அவள் கேட்டாள்: “வேற என்னத்தைச் சொல்லுறது?”

வருடங்கள் போயின. விஷயம் பத்திரிகையில் வந்து நாடு நாறிய பிறகே அந்த இழுப்பறை திறந்தது. அதற்குள் தவம் அண்ணையின் மூத்த பையன் இயக்கத்துக்குப் போய் இறந்திருந்தான். விசா இரண்டு பிள்ளைகளுக்குத்தான் தேவைப்பட்டது. எனக்குத் தமிழன் என்ற தாமதமும் முழுதாகக் கிடைத்தது, மாமோ என்ற பெயரும் போகவில்லை. பவளத்தின் விசாவிலும் மாமோ. பிள்ளையின் விசாவிலும் மாமோ.

அவர்கள் வந்திறங்கிய நாளில் கஸ்ட்ரூப் விமான நிலையத்துக்குக் கார்மனுவும் வந்தார். கழுத்துப்பட்டியோடு. பெரிய மட்டையில் அந்த நான்கு எழுத்தையும் சிவப்பில் எழுதியிருந்தார். என்னிடம் கொடுக்காமல் அவரே தூக்கிப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

பவளம் பிள்ளைக்கு ஒரு அடையாளம் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் அனுப்பிய படத்தில் தாடி மறைத்த முகம்தான் இருந்தது. அதனால், “எங்கட பேர் எழுதின மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர்தான் அப்பா” என்று.

கதவு திறந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்பிள்ளை, பிறந்ததிலிருந்து நான் பார்த்திராத என் பிள்ளை சுகந்தி, மட்டையைப் பார்த்தாள். ஓடி வந்தாள். நான் குனிந்து கையை விரித்தேன். அவள் என் கைக்கு முன்னால் நின்று, தெரியாத ஆட்களிடம் பேசும்படி பழக்கிய அதே மரியாதையோடு சொன்னாள்:

“மாமா, தள்ளுங்கோ.”

தள்ளி நின்றேன். அவள் போய்க் கார்மனுவின் காலைக் கட்டிக்கொண்டு “அப்பா” என்றாள். அந்தக் கிழவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதார். பவளம், அத்தனை வருடமும் தொலைபேசியில் ஒருநாளும் அழாதவள், தரையில் குந்தியிருந்து சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்மனு இப்போது இல்லை. அவருடைய உலகப் படம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. கடலுக்குள் குத்திய ஊசியை யாரும் நகர்த்தவில்லை. இன்றும் நான் தொலைக்காட்சியை மறைத்தால், சமையலறையில் வழியில் நின்றால், படம் எடுக்கும்போது குறுக்கே வந்தால், மனைவி, மகள், தமிழில் வேறொரு சொல்லும் அறியாத டேனிஷ் மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்:

“மாமா, தள்ளுங்கோ.”

நானும் தள்ளி நிற்கிறேன்.