தெருமுனைப் பெட்டிக்குப் பேட்டரி வாங்கிய வெற்றிச் செய்தி

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீங்கள் இன்னும் படிக்கவில்லை. போனில் சொல்லியிருப்பேன், நீங்கள் நடுவில் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, வீடியோவில் வேலை நேர்காணல். அன்றைக்குப் பார்த்து பத்திலிருந்து இரண்டு வரை மின்தடை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் தெருமுனையில் இருக்கும் இணையப் பெட்டி செத்தால் வீட்டில் வெளிச்சம் இருந்து என்ன பயன்? அந்தப் பெட்டியைப் பராமரிப்பதே என் உத்தியோகம். அதற்குப் பேட்டரி வாங்கும் பொறுப்பைக் கம்பெனி என் தலையில் கட்டியபோது, பேட்டரிக் கடை வைத்திருக்கும் உங்களிடம் நல்ல எண்ணத்தோடுதான் யோசனை கேட்டேன். நீங்களும் இரண்டு ஆள் தூக்கும் பேட்டரி ஒன்றை அனுப்பினீர்கள். நான் பெட்டியை வெளிப்பக்கமாக அளந்து சொன்னது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். உள்ளே வைத்தால் கதவு சாத்தவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன், கயிறு அறுந்தது, பார்வையிட வந்த மேலாளரின் முழங்கையில் கதவு இடித்தது. வெயிலில் அந்தப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது, இந்தச் சூட்டில் உங்கள் பேட்டரி ஒரு வருஷம் தாங்காது என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளை, உங்களுக்குப் பேட்டரியைப் பத்தி என்ன தெரியும்?"

தெரியும் மச்சான். சூடு தாங்கும் லித்தியம் பேட்டரி ஒன்றை நானே வாங்கினேன், டிபன்பாக்ஸ் அளவு, ஒரு கையால் எடுத்து வைத்தேன், கதவு சமர்த்தாகச் சாத்திக்கொண்டது. அட்டையில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தது. சோதிக்காமல் விடுவேனா? நேற்றுக் காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆபீஸ் போய், மணிக்கு ஒருமுறை உங்கள் தங்கைக்குப் போன் போட்டு நெட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு, இருக்கு, இன்னும் இருக்கு, எனக்கு வேற வேலை இல்லையா என்றாள். ஒன்பது மணி நேரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். உங்கள் பேட்டரியை இந்தக் கடிதத்தோடு, அது வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன். கடையில் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்கால் வலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: பேட்டரியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார். நேற்று நான் கிளம்பிய ஐந்தாவது நிமிஷமே பெட்டியின் பிளக் கழன்று கிடந்ததைப் பார்த்து அவரே மாட்டிவிட்டாராம். நன்றியெல்லாம் வேண்டாம் என்கிறார். ஓடிப்போய் மறுபடி பிடுங்கிவிட்டு அங்கேயே நின்றேன். ஐம்பத்தைந்து நிமிஷம். அட்டையில் போட்டிருந்த நான்கு மணி நேரம் ஒரு கருவிக்காம். நம் பெட்டிக்குள் இருப்பது நான்கு.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தால் உங்கள் தங்கை அதற்குள் படித்துவிட்டாள். "எங்க அண்ணன் படிக்கட்டும். ஒரு எழுத்துகூட அடிக்கக் கூடாது" என்கிறாள். ஆகவே கடிதம் மட்டும் வருகிறது, பேட்டரியை இறக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை பெட்டியின் கதவையே கழற்றிவிட்டு, உங்கள் பேட்டரியை உள்ளே வைத்து, அதன்மேல் வெயில் படாமல் பத்திலிருந்து இரண்டு வரை நானே குடை பிடித்து நிற்கப்போகிறேன். பேட்டரி பெரிசு, ஒரு குடை போதாது. நேர்காணலுக்கு உட்காரப்போகிறவள் உங்களுக்கும் மகள் மாதிரிதானே, ஒன்பதரைக்கெல்லாம் குடையோடு வந்துவிடுங்கள் மச்சான்.